மெட்ராஸ் சாப்பராக இருந்த தாத்தாவின் போர்க்காலத்தை எங்கே, எப்படித் தேடுவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆரணிப் பக்கத்துக் கிராமம். அம்மாவழித் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது பாலமும் பாதையும் போடும் ராணுவப் பொறியியல் படைப்பிரிவில், இருந்தவர். பர்மாவில் பாலம் கட்டினார் என்று வீட்டில் சொல்வார்கள். பென்ஷன் வரவில்லை. அவர் காலமாகி நாற்பது வருடம் ஆகப்போகிறது. உங்களிடம் இருப்பது மூன்று மெடல்கள், சீருடையில் எடுத்த ஒரு படம், தொண்ணூறைத் தாண்டிய பாட்டியின் ஞாபகம். இதை வைத்துக்கொண்டு அவர் எங்கெங்கே இருந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். என் அப்பாவழித் தாத்தாவும் சாப்பர்தான். அவரைத் தேடி ஏழெட்டு வருடம் அலைந்திருக்கிறேன். அதில் முதல் இரண்டு வருடம் தவறான இடத்தில் தேடினேன். உங்களுக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மெடல்களை எடுங்கள். ஆனால் துலக்காதீர்கள். நம் வீடுகளில் பித்தளை மாதிரி எதைப் பார்த்தாலும் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் இருக்கிறது. அந்த ஆறுமுனை நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பார்க்கப் பித்தளைதான். பொங்கலுக்குப் பொங்கல் தேய்த்துத் தேய்த்து எழுத்தே இல்லாமல் போன மெடல்களைப் பார்த்திருக்கிறேன். போன எழுத்தை எந்த ஆவணக் காப்பகமும் திருப்பித் தராது.

ஏன் அந்த எழுத்து முக்கியம் என்றால், இரண்டாம் உலகப் போர் மெடல்களைப் பிரிட்டன் தன் சொந்த வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டு வீரர்களுக்கு மட்டும் விவரம் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரம் என்றால் பின்பக்கம் பாருங்கள். வட்ட மெடல் என்றால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வீரரின் எண், பெயர், படைப்பிரிவின் சுருக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் படம் எடுத்தால் மங்கலான எழுத்தும் தெரியும். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. பெயரை வைத்துத் தேடினால் ஆயிரம் முனுசாமிகள் வருவார்கள். எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால் ஒரே ஒருவர்தான்.

மெடலின் முன்பக்கம் இன்னொரு செய்தி சொல்லும். ஒவ்வொரு நட்சத்திரத்தின் முகப்பிலும் அதன் பெயர் ஆங்கிலத்தில் வட்டமாக எழுதியிருக்கும். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் அந்தப் போர்முனையில் இருந்தவர். ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் முதல் 1943 மே வரை. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் முதல் 1945 மே வரை. எழுத்து தேய்ந்திருந்தாலும் ரிப்பன் பிழைத்திருந்தால் போதும். மணல் நிறத்தில் நடுவே சிவப்புக் கோடு ஓடினால் ஆப்பிரிக்கா. சிவப்பும் வெள்ளையும் பச்சையும் என்றால் இத்தாலி. நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அதனுள் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா. வட்ட மெடலில் இந்தியாவின் வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல், போர்முனைக்கு வெளியே மூன்று வருடம் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்தது. காவி, வெள்ளை, பச்சை ரிப்பனும் பின்பக்கம் அசோகச் சிங்கங்களும் இருந்தால் அது சுதந்திர மெடல். 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் இந்தியப் படையில் பணியில் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

இனி என் தாத்தா கதை. எங்கள் வீட்டிலும் "பர்மா" என்றுதான் சொல்வார்கள். பாட்டி அடித்துச் சொல்வார். நானும் பர்மாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சிந்த்வின் ஆற்றின் மேல் கலேவாவில் 1944 டிசம்பரில் 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் (தயாராக இருக்கும் இரும்புப் பாகங்களைப் பொருத்திப் போடும் பாலம்) போட்டார்களே, அதில் தாத்தாவும் இருந்திருப்பார் என்று நானே முடிவு கட்டி, அதைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். மெடல்கள் சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத காலம் அது. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் எல்லோரும் சமாதானமாகி, பெட்டி திறந்தது. உள்ளே இருந்த நட்சத்திரங்களில் ஒன்று ஆப்பிரிக்கா, ஒன்று இத்தாலி. பர்மா இல்லவே இல்லை.

பாட்டி பொய் சொல்லவில்லை. பாட்டியின் அண்ணன் ரங்கூனில் வேலை பார்த்தவர். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது, ஆயிரக்கணக்கான தமிழர்களைப் போலவே தமு வழியாக மணிப்பூர் மலைகளைக் கால்நடையாகத் தாண்டி இம்பாலுக்கு வந்து சேர்ந்தவர். ஒரே வீட்டுக்கு, சில வருட இடைவெளியில், இரண்டு ஆண்கள் இளைத்துக் கருத்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். இருவரும் அதிகம் பேசவில்லை. அறுபது வருடத்தில் இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சம்பவங்கள் எல்லாம் உண்மை, ஆள்தான் மாறிப்போனது. தாத்தா எங்களைத் தோளில் உட்கார வைத்து "ஊனோ, தூயே, த்ரே" என்று எண்ணுவார். அது பர்மா பாஷை என்றே நாங்கள் வளர்ந்தோம். அது இத்தாலிய மொழி என்று எனக்குத் தெரிந்த அன்று அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பாட்டியிடம் இப்போதே உட்காருங்கள். ஆனால் "தாத்தா எந்த ரெஜிமெண்ட்? எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. தெரியாததைச் சொல்லவேண்டி வந்தால் மனசு தானாக ஒன்றை இட்டு நிரப்பிவிடும். அவருக்கு நிச்சயம் தெரிந்ததைக் கேளுங்கள். மணியார்டர் மாசாமாசம் வந்ததா, நடுவில் எப்போதாவது நின்றதா? லீவில் வந்தபோது எந்த ஸ்டேஷனில் இறங்கினார், என்ன வாங்கி வந்தார்? திரும்பி வந்தபோது மூத்த பிள்ளைக்கு என்ன வயது, பேசத் தெரியுமா, நடக்கத் தெரியுமா? குளிர்க்காய்ச்சல் அடிக்கடி வருமா? எந்தச் சாப்பாட்டை ஆசையாகப் பேசுவார், எதைக் கண்டால் ஒதுக்குவார்? பிள்ளையின் வயதிலிருந்து வருடத்தைக் கணக்கிடலாம். மணியார்டர் நின்ற மாதங்கள் ஒரு கப்பல் பயணமாகவோ, ஆஸ்பத்திரியாகவோ, சிறைபிடிப்பாகவோ இருக்கலாம். பேச்சைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர் சம்மதத்தோடு.

வீட்டில் பழைய கடிதம் ஏதாவது இருந்தால் அது தங்கம். ராணுவக் கடிதத்தில் ஊர் பெயர் இருக்காது, தணிக்கை. ஆனால் தபால் முத்திரையில் எஃப்.பி.ஓ. என்று ஓர் எண் இருக்கும். ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் என்று அர்த்தம். அந்த அலுவலகம் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்று தபால் முத்திரை சேகரிப்பவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணும் தேதியும் தெளிவாக இருந்தால், கடிதம் எழுதிய இடத்தை ஊர் அளவுக்கு நெருங்கிவிடலாம்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோளின் மேல்பக்கம் துணியில் ஒரு சின்னம் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது டிவிஷனின், அதாவது பல யூனிட்டுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவின், அடையாளம். கருப்புப் பூனை என்றால் 17-வது இந்திய டிவிஷன். சேவல் என்றால் 23-வது. குத்துவாள் என்றால் 19-வது. இந்த மூன்றும் பர்மா போர்முனையில் போரிட்டவை. சிவப்புக் கழுகு என்றால் 4-வது, அது ஆப்பிரிக்காவும் இத்தாலியும். தலையில் இருப்பது தலைப்பாகை போலச் சுற்றியதாக இல்லாமல் விறைப்பான, உயரமான தொப்பியாக இருந்தால் மெட்ராஸ் சாப்பர் என்பது கிட்டத்தட்ட உறுதி. படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கும், அதையும் பாருங்கள். பெங்களூரு ஸ்டூடியோ என்றால் பயிற்சி முடிந்த கையோடு எடுத்ததாக இருக்கலாம்.

சரி, எண்ணும் படைப்பிரிவும் கிடைத்துவிட்டது. அடுத்தது ரெக்கார்ட் ஆபீஸ், ஒரு படைப்பிரிவின் வீரர்களுடைய சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம். நிறையப் பேர் லண்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் தனிநபர் கோப்புகள் பிரிட்டனிடம் இல்லை. அவை அந்தந்த ரெஜிமெண்டோடு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தங்கிவிட்டன. அதிகாரிகளின் ஆவணங்கள்தான் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் இருக்கின்றன. மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்று மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், சுருக்கமாக எம்.இ.ஜி. அதன் ரெக்கார்ட் ஆபீஸ் பெங்களூரில் இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக், மருத்துவப் படை என்றால் லக்னோ, ஈ.எம்.ஈ.யும் (வாகனங்கள், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் படை) ஆர்ட்னன்ஸும் (தளவாடப் படை) செகந்திராபாத், பயனியர் கோர் பெங்களூரு.

இங்கேதான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் முதல் பதில் பெரும்பாலும் "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று வரும். அது சாக்கு இல்லை. பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் கோப்புகளை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழிக்கலாம் என்பது ராணுவ ஒழுங்குமுறையின் 595-வது பத்தி. அழிந்தது 'ஷீட் ரோல்' என்கிற தனிக்கோப்பு. சேர்ந்த நாள், ஊர், தாலுகா, உயரம், அங்க அடையாளம், வாரிசு எல்லாம் அதில்தான் இருந்திருக்கும். போனது போனதுதான். ஆனால் 'லாங் ரோல்' என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு. ஒவ்வொரு ரெக்ரூட்டும் எந்த எண்ணில் சேர்ந்தார், எப்போது, ஏன் வெளியேறினார் என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். கோப்பு அழிந்த பிறகும் அந்த வரியைப் பார்த்து ரெக்கார்ட் ஆபீஸ் பதில் சொல்வதுண்டு. அதனால் உங்கள் கடிதத்தில் "சேவை ஆவணங்கள் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், "இன்ன எண், இன்ன பெயர், தகப்பன் பெயர் இன்னது, லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்" என்று குறிப்பாகக் கேளுங்கள். எனக்கு முதல் கடிதத்துக்கு ஒரு வரிப் பதில்தான் வந்தது. லாங் ரோல் என்று பெயர் சொல்லிக் கேட்ட இரண்டாவது கடிதத்துக்குத்தான் அவர் சேர்ந்த நாளும் விடுவிக்கப்பட்ட நாளும் வந்தன.

கடிதத்தோடு வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, மெடல் பின்பக்கப் படம், இவற்றின் நகல்களை வையுங்கள். மூலத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று மாதம் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்தான், மத்திய அரசின் இணையதளம் வழியாகவே அனுப்பலாம், முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். மனுவைவிட முதலில் மரியாதையான ஒரு கடிதம் நல்லது என்பது என் அனுபவம். ரெக்கார்ட் ஆபீஸ் கிளார்க்குகளில் பலர் முன்னாள் சிப்பாய்கள் வீட்டுப் பிள்ளைகள். தாத்தாவைத் தேடும் பேரனுக்கு அவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தேடித் தருவார்கள்.

பென்ஷன் வரவில்லை என்று நீங்கள் எழுதியதில் ஒரு கூச்சம் தெரிந்தது. பல குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். "பென்ஷன் இல்லையே, ஓடி வந்துவிட்டாரோ?" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது மூன்று தலைமுறைக்கு உறுத்தும். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருட சேவை வேண்டும். போருக்கென்று சேர்க்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களை 1945 முதல் 1947 வரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கைந்து வருடம் போர்முனையில் இருந்தவர்களுக்கும் கைச்செலவுக்கு ஒரு தொகையும் ரயில் பாஸும்தான். பென்ஷன் இல்லாதது எந்தக் குற்றத்துக்கும் அடையாளம் இல்லை. இதைப் பாட்டியிடமும் சொல்லுங்கள்.

லண்டன் எதற்குப் பயன்படும் என்றால், தனி மனிதருக்கு இல்லை, அவர் இருந்த கம்பெனிக்கு, அதாவது அவருடைய சிறு படைப்பிரிவுக்கு. ஒவ்வொரு யூனிட்டும் போர்க்காலத்தில் 'வார் டைரி' எழுதியது. தினம் எங்கே முகாம், என்ன வேலை, யாருக்குக் காயம் என்று ஓர் அதிகாரி எழுதி மாதாமாதம் மேலே அனுப்புவார். லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன. பர்மா, தென்கிழக்கு ஆசியா என்றால் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 172 என்ற வரிசை. எகிப்து, மத்திய கிழக்கு என்றால் 169. இத்தாலி என்றால் 170. பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம், டைரியைப் படிக்கத்தான் நேரில் போக வேண்டும் அல்லது காசு கட்டி நகல் வாங்க வேண்டும். அங்கே வாசகர் அட்டை இலவசம், உங்கள் கேமராவில் படம் எடுக்கவும் கட்டணம் இல்லை. லண்டன் பக்கம் இருக்கும் உறவினர் யாராவது ஒரு நாள் ஒதுக்கினால் ஒரு கம்பெனியின் முழுப் போரையும் படம் எடுத்து அனுப்பிவிடலாம். எனக்கு அத்தை மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலிருந்து வந்த போர்க்கால ஆவணங்கள் இருக்கின்றன. அதன் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடிப் பார்ப்பது செலவில்லாத வேலை.

வார் டைரியைத் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும், தயாராக இருங்கள். பிரிட்டிஷ் அதிகாரி லீவில் போனால் பெயரோடு எழுதியிருக்கும். நம் ஆள் கண்ணிவெடியில் கால் இழந்தால் "ஒரு ஐ.ஓ.ஆர். காயம்" என்று மட்டும் இருக்கும். ஐ.ஓ.ஆர். என்றால் இந்தியன் அதர் ரேங்க், அதாவது சுபேதார், ஜமேதார்களுக்குக் கீழே இருந்த எல்லா இந்தியரும். வி.சி.ஓ. என்றால் அந்த சுபேதார், ஜமேதார்கள், அவர்கள் பெயர் சில சமயம் வரும். முதல் முறை அந்த எழுத்துகளைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆறு பேர், எட்டு பேர் என்று எண்ணாகவே கடந்து போகிறார்கள். ஆனாலும் அந்த டைரியைப் போல வேறு எதுவும் என்னைத் தாத்தாவிடம் நெருங்க வைக்கவில்லை. அவர் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்த இரவில் மழையில் நின்று பாதையைச் செப்பனிட்டவர்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்து படிப்பது வேறு விஷயம்.

அவருடைய கம்பெனி 4-வது இந்திய டிவிஷனோடு போனது. 1941-இல் எரித்ரியாவில் கெரென் மலை, பிறகு லிபியப் பாலைவனம், துனீசியா, 1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசீனோ. இப்படிக் கம்பெனியின் பாதையை வரைபடத்தில் போட்டபின் வீட்டுக் கதைகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. "மலை மேல சாமியார் மடம் ஒண்ணு, குண்டு போட்டு இடிச்சாங்க" என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார். அது ஏதோ பர்மா புத்த மடம் என்று நினைத்திருந்தோம். 1944 பிப்ரவரி 15-ஆம் தேதி விமானங்கள் தகர்த்த மோன்டே கசீனோ மடாலயம் அது.

அதே பிப்ரவரி 24-ஆம் தேதி, கசீனோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, பின்னால் வந்தவரின் காலடியில் வெடி கிளம்பியதும் தன் உடம்பை அதன் மேல் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார் சுபேதார் சுப்ரமணியன். காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர். பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸைப் பெற்ற முதல் இந்தியர் என்று சொல்வார்கள். அவரைப் போல விருது பெற்றவர் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் டபிள்யூ.ஓ. 373 வரிசையில் பரிந்துரைக் கடிதம் இருக்க வாய்ப்பு உண்டு. விருதுகளை அறிவிக்கும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டும் இணையத்தில் தேடக்கூடியது. விருது இல்லாத சாதாரண சாப்பருக்கு இந்த இரண்டிலும் ஒன்றும் இருக்காது, அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் தாத்தா உயிரோடு திரும்பியவர். ஆனால் அவரோடு சேர்ந்து போன அண்ணனோ பங்காளியோ திரும்பாமல் போயிருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் வருவார்கள், நோயில் இறந்தவர்களும் சேர்த்து. பல பதிவுகளில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும். இந்து வீரர்களைத் தகனம் செய்ததால் கல்லறை இருக்காது, நினைவுச் சுவரில் பெயர் இருக்கும். பர்மாவில் இறந்தவர்கள் யாங்கோன் அருகே தௌக்யானில், சுமார் 27,000 பெயர்கள் பொறித்த ரங்கூன் நினைவகத்தில் அல்லது அங்கேயே உள்ள தகன நினைவகத்தில் இருப்பார்கள். மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவகம். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் இருக்கின்றன, ஆனால் உங்கள் ஊர்க்காரர் அங்கே இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். முதலில் இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்தத் தேடலில் பெயர்தான் பெரிய தொல்லை. நம் பெயரை ஆங்கிலத்தில் எழுதியது பெங்களூரிலோ மெட்ராஸிலோ இருந்த ஏதோ ஒரு ரெக்ரூட்டிங் கிளார்க். காதில் விழுந்தபடி எழுதினார். 'சாமி' என்பதற்கு டபிள்யூ போட்டும் போடாமலும், கடைசியில் ஒய் போட்டும் ஐ போட்டும் பாருங்கள். 'முனு'வில் யூ இருக்கலாம், இரண்டு ஓ இருக்கலாம். ஆறுமுகத்தில் எச் வரும், போகும், நடுவில் யூ காணாமலும் போகும். இனிஷியல் இருக்காது, தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். உங்கள் ஆரணியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் தேடினால் கிடைக்காது. அன்றைக்கு அது வட ஆற்காடு, ஆங்கிலத்தில் நார்த் ஆர்காட். செங்கல்பட்டு, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிக்கெல்லாம் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். பெயரை விட்டுவிட்டு படைப்பிரிவையும் மாவட்டத்தையும் வைத்துத் தேடுவது சில சமயம் சீக்கிரம் பலன் தரும்.

ஊரிலேயே கிடைக்கும் ஆவணங்களை மறக்காதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், தாத்தாவோ பாட்டியோ எப்போதாவது உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தால் அதோடு டிஸ்சார்ஜ் சான்றின் நகல் வைத்திருப்பார்கள். அதைப்போல, போர் முடிந்து வந்தவர்களுக்கு அரசு தரிசு நிலம் ஒப்படை செய்தது. உங்கள் குடும்பத்தில் "மிலிட்டரிக் கொல்லை", "பட்டாளத்து நிலம்" என்று ஏதாவது துண்டு நிலத்தைச் சொல்வார்களா? சொன்னால் தாலுகா அலுவலகத்தில் அந்த ஒப்படைக் கோப்பைக் கேளுங்கள். என் தாத்தாவின் பெயர் எழுத்து மாறாமல், எண்ணோடு சேர்த்து எனக்கு முதலில் கிடைத்தது அங்கேதான். கிராமத்தில் "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள்" என்று ஆங்கிலக் கல்வெட்டு இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 1914–1919 என்று இருந்தால் அது முதல் உலகப் போருக்கு வைத்த கல், உங்கள் தாத்தாவுக்கு முந்தைய தலைமுறை. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊர் என்றால் பக்கத்து வீட்டுப் பெட்டிகளிலும் உங்கள் தாத்தா இருக்கக்கூடும், குரூப் போட்டோவில்.

இந்திய தேசிய ராணுவம் பற்றியும் சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் சிலருக்கு அது தேவைப்படும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைபட்ட இந்திய வீரர்களில் பலர் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். பலர் சேராமல் நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மடிந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் ஒவ்வொருவரையும் விசாரித்து வெள்ளை, சாம்பல், கருப்பு என்று வகை பிரித்தார்கள். கருப்பு என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் சம்பளப் பாக்கி இல்லாமல் நீக்கப்பட்டார்கள். ஒரு ரெக்கார்ட் ஆபீஸ் பதிலில் "டிஸ்மிஸ்டு" என்ற சொல்லைப் பார்த்தால் உடனே தலை குனியாதீர்கள். தேதி 1945-க்குப் பிறகு, இடம் மலாயா என்றால் டெல்லி ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளைத் தேடுங்கள். தியாகி பென்ஷனுக்கு அவர் மனு போட்டிருந்தால், உடனிருந்தவர்கள் கொடுத்த சான்றுகளோடு அந்தக் கோப்பும் எங்காவது இருக்கும்.

இன்னொன்று. எதிர்பார்க்காதது கிடைக்கலாம். வீரச்செயல் என்று குடும்பம் நினைத்த காயம், மலேரியாவாக இருக்கலாம். பர்மா முனையில் 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்று 14-வது ராணுவத்தின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். காய்ச்சலோடு மலைப்பாதை வெட்டியதும் போர்தான். பாட்டிக்குச் சொல்லும்போது அப்படியே சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வேலை இவ்வளவுதான்: இந்த வாரம் மெடல்களின் பின்பக்கத்தையும் விளிம்பையும் படமெடுங்கள், பாட்டியிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், பிறகு பெங்களூருக்குக் கடிதம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சுருக்கெழுத்துகள் புரியவில்லை என்றால் அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தப் படைப்பிரிவு என்று நானும் சேர்ந்து பார்க்கிறேன்.